வாசனை திரும்பி வந்துடுச்சு, ஆனா எல்லாமே தப்பா வருது. சமையல் வேலையில இருக்கிறவன் கேக்குறேன்

கோட்டைஅடுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் கல்யாண சமையல் பண்றேன். பதினாலு வயசுல பாத்திரம் கழுவ வந்தவன், 26 வருஷம் ஆச்சு. இப்ப எனக்குக் கீழ ஏழு பேர் வேலை பார்க்கறாங்க. மூளை, மனசு பத்திப் படிச்சவங்க இங்க எழுதறீங்கன்னு தெரிஞ்சுதான் வந்தேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

போன ஐப்பசியில வீட்டுல எல்லாருக்கும் காய்ச்சல். நான் மூணு நாள்ல எந்திரிச்சுட்டேன். நாலாம் நாள் ஒரு சீமந்தத்துக்கு சாம்பார் பொடி வறுக்க உட்கார்ந்தேன். இரும்புச் சட்டியில மிளகாயைப் போட்டதும் தொண்டை கமறுச்சு, கண்ணுல தண்ணி கொட்டுச்சு, இருமினேன். ஆனா மிளகாய் வாசனை வரலை. சளியா இருக்கும்னு தனியாவைப் போட்டேன். தனியா சிவக்கிறது கண்ணுக்குத் தெரியுது, மூக்குக்கு வெறும் சூட்டுக் காத்துதான் வருது. கடைசியா கட்டிப் பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோட ஒட்டி வச்சு இழுத்தேன். ஒண்ணுமே இல்ல. காலி டப்பாவை மோந்த மாதிரி இருந்துச்சு. கை நடுங்கிப் போச்சு எனக்கு.

வெளியாளுங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியுமோ என்னவோ. எங்க வேலையில கடிகாரம் கிடையாது. புளித்தண்ணி பச்சை வாசனை போற வரைக்கும் கொதிக்கணும். ரவையை வாசனை வர்ற வரைக்கும் வறுக்கணும். வெண்ணெய் காய்ச்சினா நெய் மணம் எழும்புற நொடியில இறக்கணும், அரை நிமிஷம் தாண்டினா கசண்டு கருகிடும். எனக்குக் கத்துக் கொடுத்தவர் எதுக்கும் அளவு, நேரம் சொன்னதில்லை, "மூக்கைத் திறந்து வச்சுக்கடா"ன்னுதான் சொல்வார். எனக்குக் கைமணம் இருக்குன்னு ஊர்ல பேர். கையில ஒண்ணுமே இல்ல, எல்லாம் மூக்குதான்னு இந்த வயசுல தெரியுது.

நாக்கு செத்துப் போச்சோன்னு ஒவ்வொண்ணா வாயில போட்டுப் பார்த்தேன். வெல்லம் இனிக்குது. புளி புளிக்குது. உப்பு, பாவக்காய், பச்சை மிளகாய், வாழைக்காய்த் துவர்ப்பு எல்லாம் தெரியுது. அறுசுவையும் அப்படியே இருக்கு. ஆனா கண்ணை மூடிக்கிட்டு ஒரு வாய் குடிச்சா சீரக ரசமா, மிளகு ரசமா, எலுமிச்சை ரசமான்னு சொல்ல முடியலை. ஆறும் இருக்கும்போது எது போச்சு?

தை மாசம் ஒரு வளைகாப்பு, 300 இலை. விடியக்காலையில அரைச்ச தேங்காய்ச் சட்னி, பந்திக்குக் கொஞ்சம் தாமதமாச்சு. நான் வாயில வச்சுப் பார்த்தேன், உப்பு சரியா இருந்துச்சு, எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன். என்கிட்ட வேலை பார்க்கற பையன் வாளியைக் கிட்ட கொண்டு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டு, "மாஸ்டர், ஊசிப் போச்சு"ன்னான். பந்திக்குப் போகாம நின்னுச்சு. பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணு உட்கார்ந்திருந்த பந்தி அது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

மாசி பிறந்ததும் வாசனை வர ஆரம்பிச்சது. சந்தோஷப்பட்டேன். ஒரு நாள்தான் அந்தச் சந்தோஷம். காலையில வீட்டுல டிகாஷன் இறங்கிட்டிருந்துச்சு. ஃபில்டர் மூடியைத் திறந்தேன், சாக்கடைக்குள்ள முடியைப் போட்டு எரிச்ச மாதிரி ஒரு நாத்தம். தூள் கெட்டுப் போச்சுன்னு வேற தூள் வாங்கினேன். அதுவும் அப்படித்தான். அப்புறம் வெங்காயம் வதக்கினா அதே நாத்தம். பூண்டு, வறுத்த வேர்க்கடலை, தாளிச்ச உளுந்து எல்லாத்துலயும் ஒரே நாத்தம். தனித்தனியா நாறினாக்கூடப் பழகிக்கலாம். எல்லாம் ஒண்ணு போலவே நாறுது. எலுமிச்சம்பழமும் பன்னீரும் மட்டும் கொஞ்சம் உள்ளபடி வருது.

மூக்கு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார், அடைப்பு இல்லை, சதை வளரலை, தானா வரும்னு சொல்லி அனுப்பிட்டார். அடுப்புக்கிட்ட நின்னா குமட்டுது. ஆறு கிலோ குறைஞ்சுட்டேன். கூட வேலை பார்க்கறவங்களுக்கு இன்னும் முழுசா சொல்லலை. வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியிருக்கேன்.

கெட்டது மூக்கா, மூளையா? திரும்ப வருமா? வர வைக்க நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர்_கோப்பை:

மாஸ்டர், நான் குன்னூர்ல தேயிலை ருசி பார்க்கிறவன், 19 வருஷமா. உங்க "எது போச்சு" கேள்விக்கு என்னால பதில் சொல்ல முடியும், ஏன்னா என் தொழிலே அதுல நிக்குது.

புதுசா சேர்ற பையன்களுக்கு நான் முதல் நாள் ஒண்ணு செஞ்சு காட்டுவேன். மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லி, ஏலக்காய் தட்டிப் போட்ட வெல்லப்பாகு ஒரு ஸ்பூன் வாயில கொடுப்பேன். என்ன தெரியுதுன்னு கேட்டா, இனிப்புன்னு மட்டும் சொல்வாங்க. இப்ப மூக்கை விடுன்னு சொன்னதும் ஏலக்காய் அப்படியே வாய்க்குள்ள வந்து விழும். முகமே மாறிடும் பசங்களுக்கு. வாயில இருக்கிற பொருளோட ஆவி தொண்டைக்குப் பின்னால ஏறி மூக்கோட மேல்கூரைக்குப் போகுது. வேலை பார்க்கறது மூக்கு, ஆனா மூளை அதைக் கொண்டு வந்து நாக்கு மேல வைக்குது. அதனாலதான் வாசனை போனவங்க எல்லாரும் "நாக்கு செத்துப் போச்சு"ங்கிறாங்க. மூக்கோட முன்வாசல் வழியா மோக்கிறது ஒண்ணு, வாய்வழியா பின்வாசல்ல மோக்கிறது இன்னொண்ணுன்னு பால் ரோசின்னு அமெரிக்க உளவியல்காரர் 1982-ல எழுதினார். நாங்க டீயை அவ்வளவு சத்தமா உறிஞ்சுறது அந்தப் பின்வாசலுக்காகத்தான். டீ திவலையாச் சிதறினாத்தான் ஆவி மேல ஏறும்.

சீரகம், மிளகு, எலுமிச்சை மூணையும் வேற வேறன்னு காட்டறது அந்த ஆவிதான். அது போச்சுன்னா மிச்சம் இருக்கிறது உப்பு, புளிப்பு, எரிச்சல்.

அறுசுவை பத்தி ஒண்ணு சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நம்ம ஆறுல இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நாலும்தான் நாக்கு மொட்டுகளோட சுவை. அஞ்சாவதா இக்கெடான்னு ஜப்பான்காரர் 1908-ல கடல்பாசிச் சாறுல இருந்து உமாமியை, அதாவது தக்காளி, காளான்ல வர்ற அந்த ருசியைப் பிரிச்சுக் காட்டினார். கார்ப்பும் துவர்ப்பும் தொடு உணர்ச்சி. துவர்ப்புங்கிறது எச்சில்ல இருக்கிற வழவழப்பை டீயோட சத்து பிடிச்சு இழுத்துடறதால நாக்கு சொரசொரப்பாகிறது. மிளகாய் எரிச்சல் வலியோடயும் சூட்டோடயும் சேர்ந்தது. 43 டிகிரிக்கு மேல சூடு பட்டா எந்த உணர்வி திறக்குமோ அதையேதான் மிளகாயும் திறக்குது. 1997-ல டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடிச்சது, 2021 நோபல் அதுக்குத்தான். இந்த எரிச்சலைச் சுமக்கிறது முகத்துக்கு வர்ற அஞ்சாம் மூளை நரம்பு, வாசனை நரம்பு வேற. அன்னைக்கு மிளகாய் வறுக்கையில கமறல் வந்து மணம் வராம போனதுக்குக் காரணம் இதுதான். நம்ம பாஷையில இதுக்கு "நெடி"ன்னு தனிச்சொல் இருக்கு பாருங்க. நெடி ஒரு நரம்பு, மணம் இன்னொரு நரம்பு.

எனக்கும் ஒரு தடவை சைனஸ்ல மூணு வாரம் வாசனை போச்சு. முதல் நாளே மேலாளர்கிட்ட சொல்லிட்டேன். துவர்ப்பும் கனமும் நான் பார்த்தேன், மணம் பக்கத்து மேசைக்காரர் பார்த்தார். நீங்களும் உங்க ஆளுங்ககிட்ட மறைக்காதீங்க. அந்தச் சட்னிப் பையனுக்கு நல்ல மூக்கு. அவனை உங்க பக்கத்துலயே நிறுத்திக்குங்க.

அரும்புமொழி:

மாஸ்டர், கல்லூரியில் உளவியல் கற்பிக்கிறேன். புலனுணர்வு என் பாடம். நீங்கள் எழுதியிருப்பதை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டலாமா என்று பிறகு தனியாகக் கேட்கிறேன், இப்போது பதில்.

மூக்கா மூளையா என்று கேட்டீர்கள். காய்ச்சலில் கெட்டது மூக்கு. இப்போது நாறுவது, மூக்கு அனுப்பும் அரைகுறைச் செய்தியை மூளை படிக்கும் விதம்.

மூக்கின் மேல்கூரையில் சிறு இடத்தில் வாசனை நரம்புகள் காற்றைப் பார்த்து முளைத்திருக்கின்றன. மனிதரிடம் மணப்பொருளைப் பிடிக்கும் ஏற்பிகள் சுமார் 400 வகை உண்டு, ஒரு நரம்பில் ஒரே வகைதான் இருக்கும். லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் இந்த ஏற்பிக் குடும்பத்தை 1991-ல் கண்டறிந்தார்கள், 2004-ல் நோபல் கிடைத்தது. காபிக்கென்று தனி ஏற்பி எதுவும் கிடையாது. காபியின் ஆவியில் நூற்றுக்கணக்கான பொருள்கள் உள்ளன, ஒவ்வொன்றும் சில ஏற்பிகளைத் தட்டும். எது தட்டப்பட்டது, எது தட்டப்படவில்லை என்ற மொத்த அமைப்பைத்தான் மூளை "காபி" என்று படிக்கிறது. புள்ளிக் கோலம் போல நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் சரியாக இருந்தால் கை தானாக இழுத்துவிடும். பத்துப் புள்ளி அழிந்து, நாலு புள்ளி இடம் மாறியிருந்தால்? மூளை கோட்டை நிறுத்துவதில்லை. இருக்கிற புள்ளிகளைக் கொண்டு ஏதோ ஒரு கோலத்தை முடித்துவிடுகிறது. உங்களுக்கு வரும் நாற்றம் அப்படி முடிக்கப்பட்ட கோலம்.

புள்ளி ஏன் அழிந்தது? கொரோனா கிருமி வாசனை நரம்பை நேரடியாகத் தாக்குவதைவிட, அதைத் தாங்கி நிற்கும் பக்கத்து செல்களைத்தான் பிடிக்கிறது என்று 2020 ஆய்வுகள் காட்டின. தாங்குவது சாய்ந்தால் நரம்பும் சாயும். மற்ற சளிக் காய்ச்சல்களிலும் வாசனை போவதுண்டு. நல்ல செய்தி என்னவென்றால், உடம்பில் ஆயுள் முழுக்கப் புதிதாக முளைக்கும் மிகச் சில நரம்புகளில் இதுவும் ஒன்று. முளைத்த நரம்பு, சல்லடை போலத் துளையிட்ட மெல்லிய எலும்பைத் தாண்டி, மூளையின் அடியில் தன் வகைக்குரிய இடத்தைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். முதலில் எல்லாம் சரியாகச் சேராது. வாசனை போய் இரண்டு மூன்று மாதத்தில் திரிந்த வாசனை தொடங்குவது அதனால்தான். ஐப்பசியில் போய் மாசியில் வந்தது என்கிறீர்கள், கணக்கு ஏறக்குறைய ஒத்துவருகிறது. ஒன்றுமே வராமல் இருப்பதைவிடத் தப்பாகவாவது வருவது நரம்பு முளைக்கிறது என்பதற்கு அடையாளம்.

ஏன் காபி, வெங்காயம், வறுவல்? இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கர் குழு 2022-ல் அழகான வேலை செய்தது. காபியின் ஆவியைக் கருவியில் தனித்தனிப் பொருளாகப் பிரித்து, உங்களைப் போன்றவர்களை ஒவ்வொன்றாக மோந்து பார்க்கச் சொன்னார்கள். குமட்ட வைத்தவை 15 பொருள்கள். முதலிடம் காபிக்கே உரிய ஒரு கந்தகச் சேர்மத்துக்கு. மற்றவர்களுக்கு அது காபியாகவே மணக்கிறது. மனித மூக்கு கந்தகச் சேர்மங்களை மிக மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். அதனால் அரைகுறை மூக்கிலும் அவை முதலில் நுழைகின்றன, கூட வர வேண்டிய மற்ற மணங்கள் இன்னும் வரவில்லை. வெங்காயம், பூண்டு, பெருங்காயம் எல்லாம் கந்தகம். பட்டியலில் வறுவல் மணம் தரும் பொருள்களும் இருந்தன. கல்யாண சமையலின் உயிரே அந்த இரண்டும்தான் என்பதால் உங்களுக்கு அடி அதிகம்.

செய்யக்கூடியது இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் 2009-ல் சோதித்த பயிற்சி. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நாலு மணம், காலையும் மாலையும், 12 வாரம். செய்தவர்களில் பலருக்கு முன்னேற்றம் இருந்தது, செய்யாதவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. எல்லோருக்கும் முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனாலும் செலவில்லாதது, கெடுதல் இல்லாதது.

எப்படிச் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாலு சின்ன பாட்டில், அடியில் பஞ்சு, பஞ்சில் மணம். ஒன்றுக்குப் பத்து இருபது விநாடி, மெதுவாக, குட்டிக் குட்டி மூச்சாக இழுங்கள். நடுவில் சற்று ஓய்வு. கிராம்பை மோக்கும்போது கிராம்பைக் கண்ணால் பாருங்கள், பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், கடைசியாகக் கிராம்பு நன்றாக மணந்த நாளை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். இது சடங்கு இல்லை. ரேச்சல் ஹெர்ஸ் 2001-ல் வெளியிட்ட சோதனையில் ஒரே கலவையை ஒரு தடவை "பார்மசான் சீஸ்" என்றும் இன்னொரு தடவை "வாந்தி" என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். பெயர் மாறியதும் மணமே மாறிவிட்டது. மூக்கு தந்ததை வைத்து மட்டும் மூளை முடிவு செய்வதில்லை, எதை எதிர்பார்க்கிறதோ அதையும் சேர்த்துக்கொள்கிறது. 26 வருடக் கிராம்பு உங்கள் நினைவில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. யூகலிப்டஸை இழுத்ததும் மூக்கில் குளிர்ச்சி தெரியும். அது குன்னூர்க்காரர் சொன்ன நெடி நரம்பு. அதை மணம் என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

தாமிரபரணிக்காரி:

அண்ணாச்சி, எனக்கு இது பதினாலு மாசம் இருந்துச்சு. நான் படிச்சு சொல்லலை, பட்டு சொல்லுதேன்.

முதல்ல கேஸ். நீங்க சிலிண்டர் வச்சுத்தானே சமைக்கீங்க? கேஸுக்குன்னு சொந்தமா வாசனை கிடையாது, கசிஞ்சா தெரியணும்னுதான் நாத்தமருந்து கலக்காங்க. நான் ஒருநாள் பர்னரை முழுசா மூடாம பக்கத்துலயே உக்காந்து கீரை ஆய்ஞ்சிட்டு இருந்தேன். வெளிய இருந்து வந்த எங்க வீட்டுக்காரர் ஓடி வந்து ஜன்னலைத் திறந்தார். மறுநாளே கேஸ் கசிவுக்கு அலாரம் வாங்கி, அடுப்படியில தரைக்குப் பக்கமா மாட்டிட்டோம். இந்த கேஸ் காத்தைவிட கனம், கீழதான் தங்கும். அண்ணாச்சி, நீங்க இன்னைக்கே வாங்குங்க. இதுல யோசிக்கவே வேண்டாம்.

சாப்பாடு. சூடா இருந்தா ஆவி அதிகம், நாத்தம் அதிகம். எல்லாத்தையும் ஆற வச்சு சாப்பிடுங்க. எனக்கு ஒத்துக்கிட்டது தயிர்சாதம், இட்லிக்குச் சீனி, வெள்ளரிக்காய், மாம்பழம், தாளிக்காத பாசிப்பருப்பு. வாய்க்கு நொறுநொறுன்னு இருந்தா மனசு கொஞ்சம் ஏத்துக்கும், பொரியும் அப்பளமும் இல்லாம நான் அந்த வருசத்தைக் கழிச்சிருக்க மாட்டேன். வீட்டுல மத்தவங்களுக்குத் தாளிக்கும்போது மூக்குல கிளிப் மாட்டிக்கிடுவேன்.

எனக்கு அப்ப ரெண்டு வயசுல பிள்ளை. குளிப்பாட்டித் தலை துவட்டும்போது உச்சந்தலையில ஒரு வாசனை இருக்கும்லா, அது போச்சு. காபி, கறிவேப்பிலை எல்லாம் போனதைத் தாங்கிக்கிட்டேன். இதுக்குத்தான் அழுதேன். யார்கிட்ட சொன்னாலும் "உயிரோட இருக்கோம்லா, இது என்ன பெரிசு"ம்பாங்க. அண்ணாச்சிக்குத் தூக்கம் வரலைன்னு எழுதியிருக்கீங்க, அதான் சொல்லுதேன். இது சின்ன விசயம் இல்ல.

இப்ப எனக்கு பெரும்பாலும் வந்துட்டு. காபி பழைய காபியா வரலை, ஆனா குடிக்க முடியுது. பிள்ளை தலை வாசனை வந்துட்டு.

காவிரிக்கரை:

ஆரஞ்சுப் பழத்தைத் தோலோட சுட்டு நாட்டுச் சர்க்கரை சேர்த்துச் சாப்பிட்டா ஒரே நாள்ல வாசனை வரும்னு வீடியோ பார்த்தேன். ஜிங்க் மாத்திரையும் சொல்றாங்க. முயற்சி பண்ணிப் பாருங்களேன் மாஸ்டர்.

அரும்புமொழி:

சுட்ட ஆரஞ்சு சாப்பிட்டால் தப்பில்லை, ஆனால் அதனால் நரம்பு முளைக்காது. ஜிங்க் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மூக்கில் போடும் ஜிங்க் மருந்துகளால் வாசனையே போனதாகப் பலர் புகார் செய்து, 2009-ல் அமெரிக்க உணவு மருந்துத் துறை எச்சரிக்கை விட்டது. மூக்குக்குள் எதையும் நீங்களாகப் போட வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரை கடையில் கேட்டு வாங்க வேண்டாம். ஆறு கிலோ குறைந்திருக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். "தானாக வரும்" என்று அனுப்பியவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

கோட்டைஅடுப்பு (பதிமூணு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் நமஸ்காரம். பதில் போட லேட்டாயிடுச்சு, முகூர்த்த மாசம்.

நெல்லைத் தங்கச்சி சொன்ன அன்னைக்கே கேஸ் அலாரம் வாங்கியாச்சு, சமையல்கூடத்துக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. ஆளுங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். யாரும் ஒண்ணும் சொல்லலை. அந்தப் பையன் மட்டும், "எனக்குத் தையிலயே தெரியும் மாஸ்டர், நீங்க ரசத்தை மோந்து பார்க்காம தொட்டுப் பார்த்தீங்க"ன்னான். இப்ப அவன்தான் என் மூக்கு. பச்சை வாசனை போச்சான்னு அவன் சொல்வான், உப்பு புளி நான் பார்ப்பேன். பாகு பதம் எனக்கு எப்பவும் விரல்லதான், அதுல மாற்றம் இல்ல. வடைக்குக் காதை வச்சேன். மாவு விழுந்ததும் எண்ணெய் சடசடன்னு பேசும், உள்ள இருக்கிற தண்ணி வத்த வத்தச் சத்தம் இறங்கும். இவ்வளவு நாளும் கேட்டிருப்பேன், கவனிச்சதில்லை.

பயிற்சி ஒரு வேளைகூட விடலை. பன்னீர் ரோஜா, எலுமிச்சைத் தோல், கிராம்பு, அப்புறம் குன்னூர்க்காரர் ஊர் நீலகிரித் தைலம். மருந்து பாட்டில் நாலைக் கழுவிப் பஞ்சு வச்சேன். ஒரு நோட்டுல எழுதினேன். முதல் மூணு வாரம் கிராம்புக்கு நேரா "இல்லை, இல்லை, இல்லை"ன்னுதான் இருக்கு. தைலத்துக்கு "குளிர்ச்சி மட்டும்". அஞ்சாம் வாரம் கிராம்புல ஏதோ மரத்தூள் மாதிரி ஒண்ணு. எட்டாம் வாரம் ஒரு சாயங்காலம் பாட்டிலைத் திறந்தேன். எங்க குருநாதர் வெத்தலைப்பெட்டி ஞாபகம் வந்துச்சு. பாக்கு, கிராம்பு, அந்தத் தகரப் பெட்டி, அவர் துண்டு எல்லாம். ஞாபகம் முதல்ல வந்து, வாசனை அதுக்குப் பின்னாடி வந்துச்சு. ஒரு மூச்சுதான் இருந்துச்சு. அடுத்த மூச்சுல இல்ல. நோட்டுல "வந்தது"ன்னு எழுதினேன், கை நடுங்குனது எழுத்துல தெரியுது. டீச்சர், ஞாபகம் முன்னாடி வந்தது நிஜமா, என் பிரமையா?

காபி இன்னும் நாறுது. ஆனா முன்ன ஒரே நாத்தமா இருந்தது இப்ப ரெண்டா பிரிஞ்சிருக்கு. காபிக்கு ஒண்ணு, வெங்காயத்துக்கு வேற ஒண்ணு. ரெண்டும் கெட்டதுதான், ஆனா வேற வேற. இது முன்னேற்றம்னு எடுத்துக்கலாமா? போன வாரம் ரசத்துக்குக் கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்டப்ப விரல்ல பச்சையா ஒரு மணம் வந்துச்சு, உள்ளபடியே.

அடுத்த நாலு மணத்துக்குப் பெருங்காயம் வச்சுக்கலாம்னு இருக்கேன். எனக்கு அது திரும்பணும்.

அரும்புமொழி:

மாஸ்டர், பிரமை என்று தள்ள மாட்டேன். மற்றப் புலன்களின் செய்தி மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற இடத்தில் நின்றுதான் மேலே போகும். வாசனை அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு நேராகவே போகிறது. பெயர் வருவதற்கு முன் ஒரு ஆளும் ஒரு இடமும் வந்து நிற்பது பலருக்கும் நடக்கிறது.

இரண்டாகப் பிரிந்தது முன்னேற்றம்தான். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவதுதான் முதலில் திரும்ப வேண்டியது. எது நல்லது, எது கெட்டது என்பது அதற்கு அப்புறம்.

பெருங்காயத்தை மட்டும் இப்போது தொடாதீர்கள். கந்தகம். உங்களுக்கு நாறுவதை வேளைக்கு வேளை மோந்தால் குமட்டலோடு சேர்த்தே மூளை அதைப் படித்துவிடும். கெடாமல் வருவதிலிருந்து தொடங்குங்கள். கொத்தமல்லித் தழை வந்துவிட்டதே, அதையே வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு முறை மணங்களை மாற்றிக்கொண்டே போவது பலன் தருகிறது என்று பிந்தைய ஆய்வுகளும் சொல்கின்றன. பெருங்காயம் மூன்றாவது சுற்றில்.

கோட்டைஅடுப்பு:

சரிங்க டீச்சர். கொத்தமல்லித் தழை, ஏலக்காய், சீரகம், சந்தனம். பையன் பாட்டிலைக் கழுவிக் காய வச்சுட்டான். திங்கக்கிழமை ஆரம்பிக்கிறேன். பெருங்காய டப்பாவை மேல் பரண்ல வச்சாச்சு.